பேசினில் ஊற்றிய கண்மருந்து

இது நடந்தது இரண்டு நோன்புக்கு முன்னர், கல்முனையை அடுத்த எங்கள் கடற்கரை ஊரில். கண்ணில் வெள்ளை படர்ந்து ஒப்பரேஷனுக்குத் திகதி எடுத்தவர்கள் இன்றைக்கும் என்னிடம் வருகிறார்கள். "ராத்தா, நோகுமா? என்னென்ன செய்வாங்க?" என்று கேட்கிறார்கள். ஆஸ்பத்திரியில் நடப்பதையெல்லாம் ஒன்று விடாமல் சொல்லித் தைரியம் கொடுத்து அனுப்புவேன். அதற்குப் பிறகு வீட்டில் நான் செய்ததை மட்டும் சொல்லமாட்டேன். இன்று அதையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றி. அப்போது எனக்கு வயது அறுபத்தொன்று. கணவர் மௌத்தாகிப் பல வருடமாகிவிட்டது. இரண்டு ஆண்பிள்ளைகள், கடைசியாக ஒரு பெண். எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். கலியாணத்தோடு அவள் பேருக்கு உறுதி எழுதிவிடுவோம். ஆண்பிள்ளைகள் மனைவி வீட்டுக்குப் போய்விடுவார்கள். அதனால் நானும் என் கணவரும் கல் சுமந்து கட்டிய வீட்டில் நான் மகளோடு இருக்கிறேன். மருமகன் கட்டாரில் வேலை. மகன்மார் இருவரும் வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வருவார்கள், தேத்தண்ணி குடிப்பார்கள், தங்கச்சியிடம் இரண்டு குறை கண்டுபிடிப்பார்கள், போய்விடுவார்கள். குறை சொல்லும் உரிமைக்கு உறுதி எழுதத் தேவையில்லை.

இருபது வருடத்துக்கு மேலாக ஊர்ப் பெண்பிள்ளைகளுக்கு நான் குர்ஆன் ஓதிக் கொடுக்கிறேன். அதனால் எனக்கு ஒரு பேர் இருந்தது. பேணுதலான பொம்புள என்பார்கள். மார்க்கத்தில் ஆகும் என்று சொன்னதில்கூடச் சந்தேகம் இருந்தால் விட்டு விலகுகிறவள் என்று அதற்குப் பொருள். கலியாண வீட்டில் என்னைக் கண்டால் பாட்டை நிறுத்துவார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. உண்மையைச் சொல்வதென்றால், தொழுகையைவிட அந்தப் பேர் எனக்குக் கூடுதலாகப் பிடித்திருந்தது.

வலது கண் மங்கத் தொடங்கியதை நான் நீண்ட நாள் ஒளித்து வைத்திருந்தேன். எழுத்துக்கு மேலும் கீழும் உள்ள புள்ளிகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டன. பாதியை மனப்பாடத்தால் சமாளித்தேன். ஒரு நாள் ஒரு பிள்ளை ஒரு வரியைத் தாண்டி ஓதிவிட்டாள். எனக்குத் தெரியவில்லை. மற்றப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அடுத்த கிழமையே கிளினிக்குக்குப் போனேன். "வலது கண் நல்லா முத்திட்டுது அம்மா. இடதிலும் தொடங்கியிருக்கு. ஒவ்வொரு கண்ணாச் செய்வம்" என்றார் டொக்டர். திகதி கிடைத்தது நோன்புக்கு ஐந்து நாள் முன்னர்.

மகள் அப்போதே தடுத்தாள். "பெருநாள் முடியச் செய்வம் உம்மா. நோன்போட மருந்தும் மாயமுமா என்னத்துக்கு?" என்றாள். நான் கேட்கவில்லை. அந்த நோன்பில் என் கண்ணாலேயே பார்த்து ஒரு முறை குர்ஆனை முழுதாக ஓதி முடிக்க வேண்டும் என்று நிய்யத்து வைத்திருந்தேன். நல்ல நிய்யத்துத்தான். அதைக் கெடுத்தவளும் நான்தான்.

ஒப்பரேஷனைப் பற்றிப் பயப்பட ஒன்றும் இல்லை. முதலே சீனி, பிரஷர் எல்லாம் பார்ப்பார்கள். உள்ளே வைக்கும் வில்லைக்குக் கண்ணை அளப்பார்கள். அன்று காலை கண்மணி விரிய மருந்து விட்டுக்கொண்டே இருப்பார்கள், எதிரில் நிற்பவர் முகம் கலங்கிப் போகும். பிறகு விறைப்பதற்கு மருந்து. முகத்தை ஒரு துணியால் மூடிக் கண்ணுக்கு மட்டும் திறந்து வைப்பார்கள். மேலே ஒரு வெளிச்சம், நீலமும் சிவப்பும் ஓடும். காதோரம் தண்ணீர் வழியும். கத்தி ஒன்றும் கண்ணுக்குத் தெரியாது, நோவும் இல்லை. யாராவது அழுத்துவது மட்டும் இலேசாகத் தெரியும். நான் மனதுக்குள் யாசீன் ஓதத் தொடங்கினேன். ஓதி முடிவதற்குள் "எழும்புங்க அம்மா, முடிஞ்சுது" என்றார்கள்.

மறுநாள் காலை கண்மூடியைக் கழற்றினார்கள். எனக்கு முதலில் தெரிந்தது என் மகளின் கை. பால் தேத்தண்ணிக் கோப்பையை நீட்டிக்கொண்டு நின்றாள். நகத்தோரம் கோதுமை மா காய்ந்திருந்தது. மணிக்கட்டில் எண்ணெய் தெறித்த பழைய வடு. அந்த வடு எப்போது வந்ததென்றுகூட எனக்குத் தெரியாது. "என்ன உம்மா அப்படிப் பாக்குறீங்க?" என்று கேட்டுச் சிரித்தாள். அவளுக்குப் பெட்டிஸ், ரோல்ஸ், கட்லட் செய்து கொடுக்கும் தொழில். நோன்பு மாதம் வந்தால் ஊரில் பாதி வீட்டுக்கு நோன்பு திறக்கும் நேரத்துப் பலகாரம் அவள் கையால்தான் போகும். அந்தக் கையைப் பற்றித்தான் இந்தக் கதை.

வீட்டுக்கு அனுப்பும்போது நேர்ஸ் மிஸ் எல்லாவற்றையும் இரண்டு தரம் சொன்னார். கண்ணைக் கசக்கக் கூடாது. குனியக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது. முகத்தில் தண்ணீர் அடிக்கக் கூடாது. படுக்கும்போது கண்மூடி போட வேண்டும், வெளியில் கறுப்புக் கண்ணாடி. அடுப்புப் புகை வேண்டாம். இரண்டு போத்தல் மருந்து, விழித்திருக்கும் நேரமெல்லாம் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தரம், ஒன்றை விட்டு ஐந்து நிமிடம் கழித்து மற்றது. கை கழுவிவிட்டுத்தான் போத்தலைத் தொட வேண்டும். கண் சிவந்தாலோ, நொந்தாலோ, பார்வை குறைந்தாலோ கிளினிக் நாள் பார்க்காமல் அந்த நேரமே ஓடிவர வேண்டும். கடைசியாகச் சொன்னதை இரண்டு தரம் அல்ல, மூன்று தரம் சொன்னார்.

மகள் வீட்டுக்கு வந்த கையோடு ஒரு தாளில் கோடு கிழித்தாள். பக்கவாட்டில் நாள், மேலே நேரம். ஒவ்வொரு முறை மருந்து விட்டதும் கட்டத்தில் சரி போட வேண்டும். தாளைப் பிரிட்ஜ் கதவில் ஒட்டி, பக்கத்தில் ஒரு பேனையை நூலில் கட்டித் தொங்கவிட்டாள். கதிரையில் இருந்து சைகையால் தொழுதேன். தொழுகைக்குக் கை, முகம் கழுவி வுழூ செய்யும்போது கண்ணைத் தவிர்த்து ஈரத்துணியால் துடைத்தேன். அதையெல்லாம் குறை வைக்காமல் செய்தேன்.

நோன்புப் பிறை பார்த்த அன்று மகள் மௌலவிக்குப் போன் எடுத்து, எனக்கும் கேட்கும்படி பிடித்தாள். மௌலவி தெளிவாகச் சொன்னார். "ராத்தா, கண்ணுக்க மருந்து விட்டா நோன்பு முறியாது. கண் வயித்துக்குப் போற பாதை இல்ல. தொண்டைல கசப்புத் தெரிஞ்சாலும் ஒண்டும் இல்ல. உங்களுக்கு ஏலாட்டி நோன்ப விட்டுட்டுப் பிறகு கழாச் செய்யவும் அனுமதி இரிக்கி." இதைவிட ஒருவர் எப்படிச் சொல்ல வேண்டும்? ஆகவே இந்தப் பழியை மார்க்கத்தின் மேலோ மௌலவியின் மேலோ யாரும் போடாதீர்கள்.

அன்று இரவு சுகம் விசாரிக்க வந்த பக்கத்து வீட்டுப் பெண், "மௌலவி சொன்னாச் சரிதான். எண்டாலும் எனக்கெண்டா மனசு வராது ராத்தா" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் சொன்னது அவ்வளவுதான். என் பெருமைக்கு அது போதுமாக இருந்தது.

தலை நோன்பு. விடியமுன் சஹர் சாப்பாட்டுக்கு எழும்பியபோது மகள் மருந்து விட்டாள். காலை எட்டு மணிக்கு நானே விட்டுக்கொண்டேன். பலகார வேலை தலைக்கு மேல் கிடந்தது. "பகல் மருந்த நானே விடுறன் மகள், நீ உன்ட வேலையப் பாரு" என்று சொல்லியிருந்தேன். விட்டுச் சற்று நேரத்தில் தொண்டையில் கசப்பு இறங்கியது. கண்ணில் விட்ட மருந்து மூக்கு வழியாகத் தொண்டைக்கு வரும் என்று மிஸ் முதலே சொல்லியிருந்தார். நோன்புக்கு முந்திய நாட்களிலும் அதே கசப்பு வந்ததுதான். ஆனால் நோன்போடு வந்த கசப்பு எனக்கு வேறாகத் தெரிந்தது. முகம் கழுவும் பேசினுக்கு ஓடிப்போய்த் துப்பினேன். வாய் கொப்புளித்தேன், மறுபடியும் துப்பினேன். பன்னிரண்டு வயதிலிருந்து பிடித்த நோன்பெல்லாம் அந்தப் பேசினுக்குள் போய்விட்டதுபோல இருந்தது.

பத்து மணி மருந்தைப் பேசினில் ஊற்றினேன். போத்தலைப் பேசினுக்கு நேரே பிடித்து ஒரு அமுக்கு, மற்றப் போத்தலில் ஒரு அமுக்கு. பைப்பைத் திறந்து தண்ணீர் விட்டேன். பிறகு பிரிட்ஜுக்குப் போய்ச் சரி போட்டேன். ஊற்றாமல் வைத்திருந்தால் போத்தல் குறையவில்லை என்று மகள் கண்டுபிடித்துவிடுவாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, நான் அதை ஒவ்வொரு சொட்டாக மறைத்தேன்.

பத்து, பன்னிரண்டு, இரண்டு, நாலு. அடுத்த நாளிலிருந்து எட்டு மணியும் சேர்ந்து ஒரு நாளைக்கு ஐந்து சரி. ஒரு சொட்டு மருந்தால் நோன்பு போய்விடும் என்று பயந்த எனக்கு, ஒரு நாளைக்கு ஐந்து பொய் எழுதுவதில் ஒரு பயமும் வரவில்லை. அஸர் தொழுத பிறகு ஓத வரும் பிள்ளைகளுக்கு, நோன்போடு பொய் சொன்னால் பசியும் தாகமும்தான் மிச்சம் என்று பாடம் நடத்தினேன். புதிய கண்ணால் எழுத்தெல்லாம் தெளிவாகத் தெரிந்தது. அந்த ஐந்தாறு நாளில் குர்ஆனின் முப்பது ஜுஸ்உவில் எட்டை ஓதி முடித்தேன். அந்த வலது கண்ணால் பார்த்து நான் ஓதியது அதுதான் கடைசி.

ஐந்தாம் நோன்பில் கண்ணுக்குள் மணல் கிடப்பதுபோல இருந்தது. ஆறாம் நோன்பில் கண்ணாடியில் பார்த்தேன், சிவந்திருந்தது. மிஸ் மூன்று தரம் சொன்னது நினைவுக்கு வரவில்லை என்று நான் சொன்னால் அதுவும் பொய். நினைவுக்கு வந்தது. போனால் மருந்து தந்து நோன்பை விடச் சொல்வார்கள், ஊருக்குத் தெரிந்துவிடும் என்று நினைத்தேன். வீட்டுக்குள்ளும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டேன். நோன்பு திறந்த பிறகு மகள் போத்தலோடு வந்தாள். "நீ போய்க் கட்லட்டப் பாரு, நான் விடுறன்" என்று அனுப்பிவிட்டேன். இரண்டு நாளில் கிளினிக், அதுவரைக்கும் தாங்கும் என்று எனக்கு நானே டொக்டரானேன்.

ஏழாம் நோன்பின் சஹரில் எதிரே இருந்த சோற்றுப் பீங்கான் எனக்குத் தெரியவில்லை. கையால் தடவித் தேடினேன். மகள் கண்ணாடியை இழுத்துக் கழற்றினாள். "அல்லாஹ்வே, உம்மா! கண் இரத்தமாக் கிடக்கே!" என்று அவள் போட்ட சத்தம் பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும். ஸுபஹு தொழுதும் தொழாததுமாக ஓட்டோ பிடித்தோம். சஹருக்கு மீன் ஆக்கிய உடுப்போடு, மேலே அபாயாவைப் போட்டுக்கொண்டு வந்தவள், பிரிட்ஜில் ஒட்டியிருந்த தாளை மறக்காமல் கிழித்து எடுத்துக்கொண்டு வந்தாள்.

வார்ட்டில் டொக்டர் கண்ணைப் பார்த்தார், முகம் மாறியது. "கண்ணுக்குள்ள கிருமி போயிட்டுது. மருந்து ஒழுங்கா விட்டனீங்களோ?" என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் மகள் தாளை விரித்தாள். "ஒரு வேளையும் தவறல்ல டொக்டர். இந்தா, எல்லாம் எழுதியிருக்கம்." டொக்டர் தாளைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஓம்" என்றேன்.

அந்த ஒரு "ஓம்" போதும். மருந்து ஒழுங்காக விட்டிருந்தால் கிருமி எங்கிருந்து வந்தது? டொக்டர் அடுத்ததாகக் கேட்க வேண்டியதைத்தான் கேட்டார். "ஆர் மருந்து விட்டது? கை கழுவிப்போட்டுத்தானே விட்டனீங்கள்?" கேட்கும்போது அவர் பார்வை மகளின் விரல்களுக்குப் போனது. நகத்துக்குள் மஞ்சள் ஏறியிருந்தது. மகள் கையை மெல்ல அபாயாவுக்குள் இழுத்துக்கொண்டாள். "கழுவினன்... கழுவிட்டுத்தான் விட்டன்" என்றாள். குரல் இறங்கிப்போனது. தன் கையில் தனக்கே சந்தேகம் வந்த நேரம் அது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கட்டிலில் என்னிடம் ஓதும் ஒரு பிள்ளையின் தாய் இருந்தாள். அவளுக்கு முன்னால் நான் எப்படி வாய் திறப்பேன்? திறக்கவில்லை.

அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். கண்ணுக்குள்ளேயே ஊசி போட்டார்கள். ஒப்பரேஷனில் இல்லாத நோவு எல்லாம் அதில் இருந்தது. இரண்டு கிழமை கிடந்தேன். எந்த நோன்புக்காகக் கண்ணைக் கொடுத்தேனோ அந்த நோன்பில் ஆறுக்கு மேல் பிடிக்கக் கிடைக்கவில்லை. கடைசியில் கண் முழி மிஞ்சியது, பார்வை மிஞ்சவில்லை. இன்றைக்கு வலது கண்ணில் வெளிச்சம் தெரியும், முகத்துக்கு நேரே கை ஆட்டினால் நிழல் தெரியும், அவ்வளவுதான். மருந்து விடாததுதான் காரணம் என்று எந்த டொக்டரும் அடித்துச் சொல்லவில்லை. சொல்ல முடியாது, ஏனென்றால் நான் மருந்து விடவில்லை என்பது அவர்களுக்குத் தெரியாது.

நோயாளி பார்க்கும் நேரத்தில் மகன்மார் தோடம்பழம் கொண்டு வந்தார்கள். மூத்தவன் கட்டில் பக்கத்தில் நின்றபடியே தங்கச்சிக்கு ஏசத் தொடங்கினான். "ஒரேயொரு வேல, உம்மாட கண்ணுக்கு மருந்து விடுற வேல. மீன் வெட்டின கையோட விட்டிருக்காள். வீட்ட மட்டும் எழுதி வாங்கத் தெரிஞ்சிச்சு." வார்ட் முழுக்கக் கேட்டது. அவள் என் கால்மாட்டில் நின்று தலையைக் குனிந்துகொண்டாள். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன். நோவில் திரும்பிப் படுக்கிறேன் என்று நினைத்து, அவள்தான் வந்து போர்வையைச் சரிசெய்தாள்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள்! நான் வீட்டுக்கு வருவதற்கு முன்னமே கதை ஊருக்கு வந்துவிட்டது. "ஓதிக் குடுக்குற ராத்தாட கண்ண மகள்தானாம் பழுதாக்கின." ஒருத்தி சொன்னதை இன்னொருத்தி உப்புப் புளி போட்டுச் சொன்னாள். அடுத்ததாகப் பலகாரத்துக்கு ஆள் வருவது குறைந்தது. உம்மாவின் கண்ணையே கெடுத்த கையால் சுற்றிய ரோல்ஸை யார் வாங்கித் தின்பார்கள்? பெருநாளுக்கு முதல் கிழமை மூட்டை மா வாங்கி வைத்தபடி கிடந்தது, ஒரு ஓடரும் வரவில்லை. அவள் மாவை அயல் வீடுகளுக்குப் பகிர்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு பலகாரம் செய்வதையே விட்டுவிட்டாள்.

ஆனால் கை கழுவுவதை அவள் விடவில்லை. சோறு ஆக்க முன் கழுவுவாள், ஆக்கிய பின் கழுவுவாள். எனக்குத் தண்ணீர் தர முன் கழுவுவாள். சட்டி கழுவும் சவர்க்காரத்தை எடுத்து விரலிடுக்கெல்லாம் தேய்ப்பாள். சில நாளில் உள்ளங்கை வரண்டு வெடித்தது. உப்புப் பட்டால் "ஸ்ஸ்" என்று வாயை இறுக்குவாள். நான் அடுத்த அறையிலிருந்து அந்தப் பைப் திறக்கிற சத்தத்தை எண்ணிக்கொண்டிருப்பேன். ஒவ்வொரு முறையும் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். சொல்லவில்லை. மறுபடியும் பிள்ளைகள் ஓத வரத் தொடங்கியிருந்தார்கள், "உங்கட ஸப்ருக்கு, இந்தப் பொறுமைக்கு நன்மை இரிக்கி ராத்தா" என்று பெண்கள் கையைப் பிடித்து அழுதார்கள். கண் போனதாலும் எனக்குப் பேர் கூடியது, பாருங்கள்.

ஒரு வருடம் போனது. ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பிறகு இடது கண்ணுக்குத் திகதி தந்தார்கள். "மிஞ்சியிருக்கிறது இந்தக் கண்தான் அம்மா. இந்த முறை மருந்து விடுற ஆள் கவனமா இருக்கோணும்" என்றார் டொக்டர். பக்கத்தில் நின்ற மகளின் முகத்தை நான் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அவள் சொன்னாள். "பெரிய காக்காட பொஞ்சாதிய ஒரு மாசத்துக்கு வரச் சொல்லுங்க உம்மா. நான் மருந்து விடமாட்டன். மற்றக் கண்ணும் என்ட கையால போகவேணாம்."

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. லுஹர் தொழுதுவிட்டுக் குசினிக்குப் போனேன். அவள் வழக்கம்போல் பைப்படியில் நின்றாள். கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். தலை நோன்பின் கசப்பிலிருந்து தொடங்கி, பேசினில் ஊற்றியது, சரி போட்டது, சிவந்ததை ஒளித்தது, "ஓம்" என்றது, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தது, ஒன்றையும் விடவில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. கேட்டு முடித்துவிட்டுப் பைப்பைப் பூட்டினாள். அழுவாள் என்று நினைத்தேன். ஏசுவாள், ஏசட்டும் என்று நின்றேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"என்ட மனசு ஆறட்டுமெண்டு சொல்றீங்க, என்ன? நோன்ப வெச்சிக்கிட்டு நீங்க பொய் சொல்லுவீங்களா உம்மா? ஆருக்கிட்டச் சொல்றீங்க? போத்தல் ஒழுங்காக் குறைஞ்சி வந்தத நான்தானே பாத்த."

குறைத்தது நான்தான் என்றேன். திரும்பவும் முதலிலிருந்து சொன்னேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டாள், காய்ச்சல்காரியின் பேச்சைக் கேட்பதுபோல. "வல்லாஹி மகள்..." என்று நான் சத்தியம் பண்ணத் தொடங்க, பதறிப்போய் என் வாயைப் பொத்தினாள். "எனக்காக அல்லாஹ்ட பேரால பொய்ச் சத்தியம் பண்ணாதங்க உம்மா, பெரிய பாவம்" என்றாள். அந்தக் கையில் சவர்க்கார மணம். வெடித்த தோல் என் உதட்டில் குத்தியது.

மூத்த மகனின் மனைவிக்கு வரமுடியவில்லை. கடைசியில் என் மகள்தான் மருந்து விட்டாள். பார்மசியில் ஒரு பெட்டி கையுறை வாங்கி வந்தாள். மூன்று தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவி, அதற்கு மேல் கையுறை போட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு விடுவாள். ஒரு மாதம், ஒரு வேளை தவறவில்லை. கண் நல்லபடி வந்தது. இதை அந்தக் கண்ணால் பார்த்துத்தான் எழுதுகிறேன். ஆனால் அந்த மாதம் முழுக்க என் பிள்ளையின் விரல் ஒரு தரமாவது நேராக என் முகத்தில் படவில்லை.

மூத்த மகனைக் கூப்பிட்டும் சொன்னேன். தங்கச்சியிடம் மன்னிப்புக் கேள் என்றேன். அவன் தேத்தண்ணியை ஊதிக்கொண்டு, "அவள்தானே உங்கள இப்படிச் சொல்லச் சொன்ன?" என்று கேட்டான்.

ஒப்பரேஷனுக்குப் போகிறவர்களே, பயப்படாமல் போங்கள். மருந்தை நேரத்துக்கு விடுங்கள், தொண்டைக்குக் கசப்பு வந்தால் வரட்டும். ஒரு வேளை தவறினால் தவறியது என்று சொல்லுங்கள், சரி போடாதீர்கள்.

என் மகள் பத்திரிகையில் இந்தப் பக்கத்தை விடாமல் வாசிப்பவள். இதில் யார் பேரும் இல்லை என்றாலும், நூலில் கட்டிய பேனையையும் பிரிட்ஜ் கதவில் ஒட்டிய தாளையும் கண்டால் எழுதியது யாரென்று அவளுக்கு விளங்கும். வாசித்துவிட்டும், உம்மா எனக்காக ஊருக்கு முன்னாலும் பொய் சொல்லிவிட்டா என்றுதான் அவள் நினைப்பாள் என்று பயமாக இருக்கிறது. ஒரு சொட்டு மருந்தைப் பேசினில் ஊற்றி நான் காப்பாற்றிய நல்ல பேர் அப்படியே பத்திரமாக இருக்கிறது, அந்தப் பேர் இருக்கும் வரைக்கும் என் பிள்ளை கை கழுவிக்கொண்டுதான் இருப்பாள்.